பெயரைப் பார்த்துத் தலைவரை எடுக்காதீர்கள்

ஒரு நாட்டின் தலைவராக இருந்து மற்ற நாடுகளோடு போட்டி போடுகிற சிவிலைசேஷன் 6 கணினி விளையாட்டைப் புதிதாக ஆட ஆரம்பித்தவர்கள் முதலில் கேட்பது இதுதான்: அறிவியல் வெற்றிக்கு யாரை எடுக்கலாம், சண்டைக்கு யாரை எடுக்கலாம்? உடனே யாராவது ஒரு பட்டியலை நீட்டிவிடுவார்கள். அறிவியலுக்குக் கொரியா, கலாச்சாரத்துக்குக் கிரேக்கம், மதத்துக்குப் பைசாண்டியம், சண்டைக்கு மங்கோலியா. பட்டியலில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அதை மட்டும் நம்பி ஆடிய பல ஆட்டங்களில், ஜெயிக்க வேண்டிய நேரத்தைத் தாண்டி ஐம்பது அறுபது டர்ன் (ஆட்டத்தின் ஒரு சுற்று) இழுத்துத்தான் முடித்திருக்கிறேன்.

எங்கே இழுக்கிறது என்று ஒவ்வொரு ஆட்டமாகக் கவனித்தபோது ஒன்று பிடிபட்டது. வெற்றிக்கு வைத்திருக்கிற பெயர் ஒன்று, அதை வாங்கித் தருகிற சரக்கு வேறொன்று. அறிவியல் வெற்றி கடைசியில் உற்பத்தியில் வந்து நிற்கிறது. கலாச்சார வெற்றியின் பின்பாதி ஃபெய்த்தில், அதாவது மத நம்பிக்கைப் புள்ளியில், ஓடுகிறது. மத வெற்றி என்பது பாதி போர். படையெடுப்புக்கு வேண்டியது பெரிய படை என்பதைவிட, எதிரியிடம் இன்னும் இல்லாத ஒரு ஆயுதம். இதை மனதில் வைத்துக்கொண்டு தலைவர்களின் திறமைகளைத் திரும்பப் படித்தால் பாதிப் பேர் இடம் மாறிவிடுவார்கள்.

கொரியாவையே எடுத்துக்கொள்வோம். சியோன்டியோக் ராணி. மற்றவர்களுக்கு அறிவியல் தருகிற டிஸ்ட்ரிக்ட் (நகரத்தில் கட்டுகிற தனிப்பகுதி) கேம்பஸ், அதற்குப் பதிலாக அவர்களுக்குச் சியோவோன். குன்று நிலத்தில்தான் கட்ட முடியும், ஆனால் செலவு பாதி. பக்கத்தில் மலை இருக்கிறதா, மழைக்காடு இருக்கிறதா என்று தேடி அலைய வேண்டாம், வைத்த உடனே 4 அறிவியல். ஒட்டியிருக்கிற சுரங்கத்துக்கும் அறிவியல் சேரும், வயலுக்கு உணவு சேரும். ஒரே நிபந்தனை, பக்கத்தில் வேறு டிஸ்ட்ரிக்ட் வந்தால் சியோவோனின் மதிப்பு குறையும். அதனால் அதை ஊருக்கு ஓரமாகத் தனியே ஒதுக்கி வைத்துவிடுவோம். நானும் அப்படித்தான் ஒன்பது நகரங்களில் வைத்தேன். பக்கத்து நாட்டுக்காரர்கள் இன்னும் நைட் குதிரைப்படையை வைத்துக்கொண்டு சுற்றுகிற காலத்தில் நான் ராக்கெட்ரி என்ற தொழில்நுட்பம் வரை போய்விட்டேன். சரி, விண்கலம் ஏவுகிற ஸ்பேஸ்போர்ட் கட்டலாம் என்று தலைநகரைத் திறந்தால் 41 டர்ன் என்று காட்டுகிறது.

அந்த எண்ணைப் பார்த்தபோதுதான் விஷயம் உறைத்தது. சாதாரண வேகத்தில் ஸ்பேஸ்போர்ட்டின் விலை 1800 உற்பத்தி. என் தலைநகரின் உற்பத்தி டர்னுக்கு 44. அதற்கு அப்புறம் செயற்கைக்கோள், நிலவுப் பயணம், செவ்வாய்க் குடியேற்றம், எக்ஸோபிளானட் பயணம் என்று நான்கு திட்டங்கள் வரிசையாகக் காத்திருக்கின்றன. கடைசிக் கப்பல் கிளம்பினாலும் 50 ஒளியாண்டு போக வேண்டும். கேதரிங் ஸ்டார்ம் விரிவாக்கத்தில் அது சும்மா விட்டால் டர்னுக்கு ஒரு ஒளியாண்டுதான் நகரும், லேசர் நிலையங்கள் கட்டினால்தான் வேகம் பிடிக்கும், அதுவும் உற்பத்திதான். டெக் மரத்தை, அதாவது தொழில்நுட்பங்களின் வரிசையை, எல்லோருக்கும் முன்னால் முடித்துவிட்டு, முடித்த டெக்குக்கு வேலை கொடுக்கக் கையில் ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த ஆட்டத்தில் ஜெர்மனியை எடுத்தேன், ஃபிரெடரிக் பார்பரோசா. அவருடைய சொந்தத் திறமை ராணுவக் கொள்கைக்கு ஒரு கூடுதல் இடம், சிட்டி ஸ்டேட் என்கிற ஒற்றை நகர நாடுகளோடு சண்டை போட்டால் கூடுதல் பலம், அவ்வளவுதான். படித்தால் அறிவியலுக்கும் இவருக்கும் சம்பந்தமே இல்லை என்று தோன்றும். ஆனால் ஜெர்மனியின் ஒவ்வொரு நகரமும் மக்கள்தொகை அனுமதிப்பதைவிட ஒரு டிஸ்ட்ரிக்ட் கூடுதலாகக் கட்டலாம், அப்புறம் இண்டஸ்ட்ரியல் ஸோனுக்குப் பதிலாக ஹன்ஸா. ஒட்டியிருக்கிற கமர்ஷியல் ஹப் (வணிகப் பகுதி), அக்வடக்ட் (நகரத்துக்கு நீர் கொண்டுவரும் பாலம்), அணை, கால்வாய் ஒவ்வொன்றுக்கும் ஹன்ஸாவுக்கு 2 உற்பத்தி, ஒட்டியிருக்கிற ஒவ்வொரு இயற்கை வளத்துக்கும் 1.

இதை வைக்கிற விதத்தில் ஒரு சுகம் இருக்கிறது. நகரத்தை நிறுவின உடனேயே வரைபடத்தில் ஊசி குத்திக் குறித்துவிடுவேன். ஆற்றங்கரையில் கமர்ஷியல் ஹப், நகர மையத்துக்கும் ஆற்றுக்கும் நடுவில் அக்வடக்ட், இரண்டையும் தொடுகிற கட்டத்தில் ஹன்ஸா. பக்கத்து நகரத்தையும் நான்கு கட்டம் தள்ளி நிறுவி, அதன் ஹன்ஸாவும் இந்தக் கமர்ஷியல் ஹப்பைத் தொடுகிற மாதிரி பார்த்துக்கொண்டால் ஒரே ஹப் இரண்டு ஹன்ஸாவுக்கும் உதவும். கிராஃப்ட்ஸ்மென் கொள்கை அட்டையைப் போட்டால் பக்கத்தில் இருப்பவற்றால் வருகிற இந்த மதிப்பு இரட்டிப்பாகும். நிலக்கரி மின்நிலையம் வந்தால் அதே மதிப்பு இன்னொரு முறை உற்பத்தியாக வந்து சேரும். எல்லாவற்றையும் கூட்டினால், கொரியாவில் 41 டர்ன் காட்டிய அதே ஸ்பேஸ்போர்ட் எனக்கு 13 டர்னில் முடிந்தது. ராக்கெட்ரிக்கு நான் வந்தது கொரிய ஆட்டத்தைவிடப் பதினெட்டு டர்ன் தாமதமாக. முடித்தது முப்பது டர்னுக்கு மேல் முன்னதாக.

அதற்காகக் கொரியாவை ஒதுக்கச் சொல்லவில்லை, எனக்கு இன்றும் மிகவும் பிடித்த நாகரிகம் அது. அதை எடுத்தால் எங்கே சிக்கும் என்று முதல் டர்னிலேயே தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். நூறாவது டர்னுக்குள் இரண்டு நகரங்களையாவது தொழிலுக்கென்று ஒதுக்கிவிட வேண்டும். பிங்காலா என்ற ஆளுநரை ஸ்பேஸ்போர்ட் நகரத்தில் உட்கார வைத்துக் கடைசிப் பதவி உயர்வு வரை கொண்டுபோனால் விண்வெளித் திட்டங்களுக்கு 30 சதவீதம் கூடுதல் உற்பத்தி. ராயல் சொசைட்டி என்ற கட்டடத்தைக் கட்டினால் பில்டர்களே தங்கள் சார்ஜை, அதாவது மீதியிருக்கிற வேலைத் தடவைகளை, செலவழித்துத் திட்டத்தைத் தள்ளிக்கொடுப்பார்கள். மாமனிதர்களில் செர்கெய் கொரொலியோவ் கிடைத்தால் 1500, கார்ல் சேகன் கிடைத்தால் 3000 உற்பத்தி ஒரே அடியாக வந்து விழும். இவர்களுக்காகப் பொன்னைச் சேர்த்து வைத்துக்கொள்வது நல்லது, வேறு எதிலும் அவ்வளவு லாபம் கிடையாது.

இப்போது பாபிலோனுக்கு வருகிறேன், ஏனென்றால் இதைப் பற்றி எழுதத்தான் இந்தப் பதிவையே ஆரம்பித்தேன். 2020 நவம்பரில் ஹம்முராபி வந்தபோது எல்லோரும் அவரை அறிவியல் தலைவர் என்று அலமாரியில் வைத்தார்கள். யுரேகா, அதாவது ஒரு டெக்குக்கென்று வைத்த சின்ன வேலையைச் செய்தால் வருகிற பரிசு, கிடைத்தால் மற்றவர்களுக்கு அந்த டெக்கின் ஒரு பகுதிதான் கிடைக்கும், பாபிலோனுக்கு முழு டெக்கும் கிடைத்துவிடும். அதற்கு விலையாக டர்னுக்கு வருகிற அறிவியல் பாதியாகக் குறையும். இதைப் படித்தவுடன் நூலகங்களைக் கட்டி வேகமாக விண்வெளிக்குப் போகலாம் என்றுதான் தோன்றும். ஆனால் யுரேகா முழு டெக்கைத் தரும்போது முந்தைய டெக்குகள் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அந்த ஒரு விஷயம்தான் பாபிலோனை ஆட்டத்தின் பயங்கரமான படையெடுப்பாளர்களில் ஒருவராக ஆக்குகிறது.

எப்படி என்று பாருங்கள். கவண்காரனை வைத்து ஒரு பார்பேரியனைக் கொல்லுங்கள், ஆர்ச்சரி வந்துவிடும். மூன்று வில்லாளர்கள் கைவசம் இருந்தால் மெஷினரியின் யுரேகா, அதாவது கிராஸ்போ என்ற குறுக்குவில். அடுத்த வீட்டுக்காரர் இன்னும் தடியோடு நிற்கும்போது உங்களிடம் கிராஸ்போ இருக்கும். இருக்கிற வில்லாளர்களை மாற்றப் பொன் வேண்டும், அதற்காக முதலிலிருந்தே சேர்த்து வையுங்கள், கிடைக்கிற ஆடம்பரப் பொருளை எல்லாம் மற்ற தலைவர்களுக்கு விற்றுவிடுங்கள். இரண்டு கிராஸ்போ ஆனவுடன் மெட்டல் காஸ்டிங்கின் யுரேகா, அதில் பம்பார்ட் பீரங்கி. அதற்கு நைட்டர் (வெடியுப்பு) வேண்டும், நைட்டர் எங்கே இருக்கிறது என்று மிலிட்டரி இன்ஜினியரிங் வந்தால்தான் கண்ணுக்குத் தெரியும், அதன் யுரேகா ஒரு அக்வடக்ட் கட்டுவது. அக்வடக்டுக்கு இன்ஜினியரிங் டெக், அதன் யுரேகா பழங்காலக் கோட்டைச் சுவர் கட்டுவது. சுவருக்கு மேசன்ரி, அதன் யுரேகா ஒரு கல்குவாரி. ஆக, ஒரு கல்குவாரியில் ஆரம்பித்து, ஒரு சுவர், ஒரு அக்வடக்ட் என்று கட்டிக்கொண்டே போனால் நைட்டர் தெரிந்துவிடுகிறது, கல்குவாரிக்கு வேண்டிய மைனிங் டெக்கைத் தவிர இதில் எங்கேயும் ஒரு புள்ளி அறிவியல்கூடச் செலவாகவில்லை.

இந்த வரிசையை முதல்முறை தாளில் எழுதி வைத்துக்கொண்டு ஆடியபோது எனக்குக் கிடைத்த மகிழ்ச்சி கொஞ்சநஞ்சம் இல்லை. அடுத்து எதைப் பழக வேண்டும் என்று டெக் மரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, அடுத்து எதைச் செய்தால் எது திறக்கும் என்று பார்க்க ஆரம்பித்தேன். முதல் பக்கத்து நாட்டின் தலைநகரம் விழும்போது டர்ன் 58. சுவரே இல்லை. வெறும் கிராஸ்போதான், பீரங்கி தேவையே படவில்லை. அதுவும் மிகக் கடினமான டெய்ட்டி நிலையில், எதிரிகள் மூன்று செட்லரோடு (நகரம் நிறுவுகிறவர்) ஆரம்பிக்கிற இடத்தில். அந்த நிலையில் எதிரிக்குச் சண்டையில் 4 கூடுதல் பலமும் உண்டு, அதனால் சமமான ஆயுதத்தோடு சமமான எண்ணிக்கையில் போனால் தோல்விதான். ஒரு தலைமுறை மேலான ஆயுதம் இருந்தால் அந்த 4 எங்கே போனது என்றே தெரியாது.

படையெடுப்புக்குத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும்போது நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: இவருடைய ஆயுதம் எப்போது வருகிறது? சுமேரியாவின் கில்காமெஷின் போர்த்தேர் முதல் டர்னிலேயே கட்டலாம், குதிரையும் வேண்டாம் டெக்கும் வேண்டாம். பக்கத்தில் யாராவது இருந்தால் அது வரம், எதிரி கடல் தாண்டி இருந்தால் அந்த வரம் வீண். செங்கிஸ் கானின் கெஷிக் குதிரைப்படை இடைக்காலத்தில் வரும், அதுவரைக்கும் பொறுமையாக வணிகப் பாதைகளை அனுப்பிக்கொண்டிருக்க வேண்டும், ஏனென்றால் அனுப்பின உடனேயே வணிக நிலையம் அமைந்து, எதிரியைப் பற்றிய தகவல் மட்டம் ஏறி, அந்த மட்டம் ஒவ்வொன்றும் சண்டையில் 6 பலமாகத் திரும்ப வரும். அதாவது மங்கோலியாவின் போர் ஒட்டகத்தோடு ஆரம்பிக்கிறது, குதிரை அப்புறம்தான். அலெக்ஸாண்டரிடம் எனக்குப் பிடித்தது வேறு. அவருக்குப் போர்ச் சோர்வே கிடையாது, உலக அதிசயம் இருக்கிற நகரத்தைப் பிடித்தால் படை முழுக்க உடனே குணமாகும், பிடித்த நகரத்தில் கேம்பஸ் இருந்தால் யுரேகா, தியேட்டர் இருந்தால் இன்ஸ்பிரேஷன், அதாவது கலாச்சாரப் பக்கத்து யுரேகா. பொதுவாகப் படையெடுப்பவர்கள் நடுவில் அறிவியலில் பின்தங்கிப்போய் நின்றுவிடுவார்கள், இவருக்கு அந்தத் தொல்லை இல்லை, சண்டை போட்டுக்கொண்டே படித்துவிடுகிறார்.

மத வெற்றியில் இரண்டு தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன, பலர் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். முதலாவது, மதம் கிடைக்குமா? ஸ்டாண்டர்ட் வரைபடத்தில் எட்டுப் பேர் ஆடினால் ஐந்து மதங்கள்தான், பிந்தினால் இல்லை. இந்தப் பயமே வேண்டாம் என்றால் அரேபியாவின் சலாதீன், மதம் தொடங்கத் தேவையான இறைத்தூதர் மாமனிதர்களில் கடைசி ஒருவர் அவருக்கென்றே ஒதுக்கி வைக்கப்பட்டிருப்பார். இரண்டாவது கேள்விதான் கனமானது: எதிரியின் அப்போஸ்தலர்கள் (மதம் பரப்புகிறவர்கள்) வந்து நின்றால் அவர்களைத் தோற்கடிக்க முடியுமா? மதச்சண்டையில் தோற்றவரின் மதம் சுற்றுவட்டாரத்தில் எல்லாம் பலவீனமாகும், அதனால் ஒரு அப்போஸ்தலரைத் தோற்கடிப்பது பல பிரசங்கத்துக்குச் சமம். பைசாண்டியத்தின் பேசில் இங்கேதான் தனித்து நிற்கிறார். அவர் மதத்துக்கு மாறிய ஒவ்வொரு புனித நகரத்துக்கும் (ஒரு மதம் தொடங்கிய ஊர்), அவருடைய சொந்தப் புனித நகரம் உட்பட, 3 பலம் கூடும், அது வாள்சண்டைக்கும் பொருந்தும் மதச்சண்டைக்கும் பொருந்தும். போரில் எதிரியின் ஒரு படைப்பிரிவைக் கொன்றாலே மதம் பரவும். அவர் மதத்துக்கு மாறிவிட்ட நகரத்தின் சுவர் குதிரைப்படையைத் தடுக்காது. முதலில் பிரசங்கம், பிறகு குதிரை. அவரை எடுத்தால் இந்த இரண்டு வெற்றியில் எது முதலில் வரும் என்று நானே பாதி ஆட்டம் வரை முடிவு செய்வதில்லை.

கலாச்சார வெற்றிதான் இருப்பதிலேயே அதிகம் குழப்புவது, கணக்கைப் புரிந்துகொள்ளாமல் ஆடினால் முடிவே வராது. எதிரியின் வாழ்நாள் கலாச்சாரத்தில் ஒவ்வொரு 100-க்கும் அவருக்கு ஒரு உள்நாட்டுப் பயணி. உங்களிடம் வருகிற வெளிநாட்டுப் பயணிகளின் எண்ணிக்கை, எல்லா எதிரிகளின் உள்நாட்டுப் பயணிகளையும் தனித்தனியாகத் தாண்ட வேண்டும். ஆக நீங்கள் ஓடுவது கலாச்சாரத்தில் முதலிடத்தில் இருக்கிற அந்த ஒரே ஒரு எதிரியோடுதான். கிரேக்கத்தின் பெரிகிளிஸ் எதிரியாக வந்து நான்கைந்து சிட்டி ஸ்டேட்களைக் கையில் வைத்திருந்தால், ஒவ்வொன்றுக்கும் அவருக்கு 5 சதவீதம் கலாச்சாரம் ஏறிக்கொண்டே போகும், நீங்கள் துரத்தத் துரத்த அவர் நகர்ந்துகொண்டே இருப்பார். அப்படிப்பட்ட நேரத்தில் இன்னொரு அருங்காட்சியகம் கட்டுவதைவிட அவருடைய சிட்டி ஸ்டேட்களைப் பறிப்பது நல்லது, முடிந்தால் அவருடைய இரண்டு நல்ல நகரங்களையும். அவருக்கு ஏற்கெனவே சேர்ந்துவிட்ட உள்நாட்டுப் பயணிகள் இதனால் குறைய மாட்டார்கள், ஆனால் புதிதாகச் சேர்வது மெதுவாகும்.

உங்கள் பக்கம் கூட்டுவதற்கு, எல்லோரிடமும் எல்லை திறப்பு ஒப்பந்தம் வாங்குங்கள், எல்லோருக்கும் ஒரு வணிகப் பாதை அனுப்புங்கள், ஒவ்வொன்றுக்கும் பயணிகளை ஈர்க்கிற சக்தி 25 சதவீதம் கூடும். இது செலவில்லாத வேலை, ஆனாலும் பலர் மறந்துவிடுகிறார்கள். பிறகு வருவது தேசியப் பூங்காக்களும் ராக் பேண்டுகளும், இரண்டையும் ஃபெய்த் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். அதனால்தான் கலாச்சாரத்துக்கு என் முதல் தேர்வு ரஷ்யாவின் பீட்டர். அவருடைய வழிபாட்டு டிஸ்ட்ரிக்டான லாவ்ரா பாதி விலை, அதில் எழுத்தாளர், ஓவியர், இசைக்கலைஞர் எல்லோருக்கும் புள்ளி சேரும். யாரும் தொடாத பனிச்சமவெளியில் ஃபெய்த்தும் உற்பத்தியும் கூடுதல்.

ராஜதந்திர வெற்றிக்கு 20 புள்ளி. மகாபோதி கோயில் 2, பொட்டாலா அரண்மனை 1, சுதந்திர தேவி சிலை 4, மீதி எல்லா நாடுகளும் ஓட்டுப் போடுகிற உலகக் காங்கிரஸில். எனக்கு இந்த வெற்றி அவ்வளவாகப் பிடிக்காது, கடைசி நாற்பது டர்ன் காத்திருப்பதுதான் வேலை. ஸ்வீடனின் கிறிஸ்டினாவை எடுத்தால் கிடைக்கிற ஒவ்வொரு மாமனிதருக்கும் 50 ராஜதந்திர ஆதரவு வருவதால் ஓட்டுக்குக் கவலை இல்லை. ஒரு விஷயம் மட்டும் தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் முன்னணியில் இருந்தால் எல்லோரும் சேர்ந்து உங்களிடமிருந்து 2 புள்ளியைப் பிடுங்க ஓட்டுப் போடுவார்கள். தடுக்க முடியாது என்று தெரிந்தால் நீங்களும் உங்களுக்கு எதிராகவே ஒரு ஓட்டைப் போடுங்கள், ஜெயித்த தீர்மானத்துக்கு ஓட்டுப் போட்டதற்காக 1 புள்ளி திரும்ப வரும். நஷ்டம் பாதியாகிவிடும்.

2025 பிப்ரவரியில் வந்த 7-ஆம் பாகத்தில் தலைவரும் நாகரிகமும் தனித்தனித் தேர்வாகிவிட்டன, காலம் மாறும்போது நாகரிகமும் மாறும். அசோகரை வைத்துக்கொண்டு இரண்டாம் காலத்தில் சோழர்களாக ஆடலாம். அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்ற பெயர்களைக் கட்டடப் பட்டியலில் பார்த்தபோது சிறிது நேரம் ஒன்றும் கட்டாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

கடைசியாக ஆடிய பீட்டர் ஆட்டத்தைச் சொல்கிறேன். மத வெற்றிக்கென்றே ஆரம்பித்தது. என் கண்டத்தில் இருந்த மூன்று பேரும் சீக்கிரம் மாறிவிட்டார்கள். கடல் தாண்டி இருந்த கெமரின் ஜெயவர்மன் மட்டும் மாறவில்லை, கரையில் இறங்குகிற என் அப்போஸ்தலர்களை எல்லாம் அவருடைய ஆட்கள் வரிசையாக நின்று தோற்கடித்துக்கொண்டிருந்தார்கள். நான்காவது கப்பலும் காலியான பிறகு அனுப்புவதை நிறுத்தினேன். கையில் ஆறாயிரத்துக்கு மேல் ஃபெய்த் இருந்தது. வடக்கே என் பனிச்சமவெளி நகரங்களைச் சுற்றிப் பார்த்தால் மலையும் காடும் கலந்து, வெட்டாமல் விட்ட நிலம் நிறைய. வைர வடிவில் நான்கு கட்டம், எல்லாம் ஒரே நகரத்துக்குச் சொந்தம், நான்கும் மலையாகவோ அழகான நிலமாகவோ இருக்க வேண்டும். தேடித் தேடி ஐந்து இடம் கண்டுபிடித்தேன். இரண்டு இடத்தில் ஒரு கட்டம் மட்டும் அழகு போதாமல் இருந்தது, பக்கத்தில் மரம் நட்டுச் சரிசெய்தேன், ஐஃபெல் கோபுரத்தைக் கட்டி முடித்தபோது இன்னும் இரண்டு இடம் சேர்ந்தது. ஏழு பூங்கா. மீதி ஃபெய்த்தில் ராக் பேண்டுகளை வாங்கி, அப்போஸ்தலர்கள் தோற்றுப்போன அதே கரையில் இறக்கினேன். அவர்களைத் தடுக்க அவரிடம் யாரும் இல்லை.